முகூர்த்தம் குறிக்கும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பர்மாவில் ரங்கூனிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் கோயில்களை நடத்திவரும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நேராகவே கேட்கிறேன். 2024 பிப்ரவரிக்குப் பிறகு நம் கோயில்களில் கட்டிய தாலிகளில் எத்தனை, பெண்ணின் மனதைக் கேட்டுக் கட்டியவை?

அந்த மாதம் 10-ஆம் தேதிதான் ராணுவ ஆட்சி கட்டாயப் பட்டாளச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 2010-லேயே எழுதிவைத்த சட்டம். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. போகாவிட்டால் ஜெயில். பெண்களை இப்போதைக்குக் கூப்பிடமாட்டோம் என்றார்கள். அதை நம்பி இருக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது, அதனால்தான் இத்தனை அவசரம்.

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் முடித்தோம். வயது 19. மாப்பிள்ளையை இரண்டே முறை பார்த்திருந்தாள். தாலி ஏறும்போது அழுதாள். வெட்கம் என்று சொல்லிக்கொண்டோம். நானும்தான் சொன்னேன்.

அவள் ரங்கூனை ஒட்டி ஆலைகள் நிறைந்த லைங்தாயாவில் தையல் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். 2018-ல் வைத்த தினக்கூலி 4,800 கியாத். பின்னால் ஆயிரம் ஆயிரமாகப் படி சேர்த்தார்கள், அரிசி விலையோ அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கேட்பதற்குச் சங்கமும் இல்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு 16 தொழிலாளர் அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டார்கள். அதே மாதம் அவர்களை எதிர்த்து ரங்கூன் தெருவில் முதலில் இறங்கியவர்களில் அந்த ஆலைப் பெண்கள் இருந்தார்களே! மார்ச்சில் தெருவுக்குக் குறுக்கே பெண்களின் லுங்கிகளைக் கொடியில் தொங்கவிட்டபோது, அடியில் நுழைந்தால் ஆண்மைக்கு இழுக்கு என்று சிப்பாய்கள் தயங்கி நின்றதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களைத்தான் இப்போது பட்டாளம், ஆலை, அவசரத் தாலி என்று மூன்று பக்கமும் நெருக்குகிறார்கள்.

பெற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயத்தில் செய்கிறார்கள். ஆட்சியை எதிர்த்து மைக்கில் பேசுங்கள் என்று உங்களையும் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். தேதி கேட்டு வந்தால், அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல், உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை விட்டு அந்தக் கல்யாணப் பெண்ணிடம் பேசச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் தேதி கொடுக்காதீர்கள். ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கென்று எடுத்துவைக்கும் பணத்தை, அவள் வேறு இடத்தில் தங்கவோ படிக்கவோ கொடுங்கள்.

தை மாதத்துக்கு இப்போதே தேதி கேட்டு வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஆடியில் உங்களோடு கூழ் ஊற்றும் ஒருத்தி