சனிக்கிழமை ராத்திரி நோட்டு

அன்புள்ள செந்திலுக்கு,

அன்றைக்குப் போனைப் பாதியில் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வேர் முறிந்து உள்ளே நின்றுவிட்ட கடைவாய்ப்பல் ஒன்று நாற்காலியில் காத்திருந்தது. நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன்.

கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை, மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்றாயே, நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆடிட்டர் ஜூலையில் நீட்டும் கணக்கு போன வருஷத்து வலிக்கு இந்த வருஷம் மாத்திரை எழுதுவது மாதிரி. அதனால் சனிக்கிழமை ராத்திரி கதவைச் சாத்தினதும் ரிசப்ஷன் அக்காவும் நானும் நீள நோட்டோடு அரை மணி நேரம் உட்காருகிறோம். புது பேஷன்ட் எத்தனை, நேரம் வாங்கிவிட்டு வராதவர் எத்தனை, வசூல், பாக்கி, பல் செய்து தரும் லேபுக்குக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். சாஃப்ட்வேர் பிறகு வாங்கிக்கொள்.

இதில் என்னை உலுக்கியது கடைசியாகச் சேர்த்த ஒரு கட்டம், ஆரம்பித்து முடிக்காத ரூட் கேனல். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் 11 பல் திறந்தபடி கிடக்கிறது! முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்ததும் வலி போய்விடும், அதோடு ஆளும் போய்விடுவார். மேலே வைத்த தற்காலிக ஃபில்லிங் எத்தனை நாள் தாங்கும், சில வாரத்தில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே இறங்கும், முகம் வீங்கி நடுராத்திரி போன் வரும், இதெல்லாம் உனக்கு நான் சொல்லவா?

அலட்சியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியதில் விஷயம் வேறு. முடித்த பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப்புக்குத் தனியாகப் பணம் என்று இரண்டாவது சிட்டிங்கில்தான் அவர்களுக்குத் தெரிகிறது, வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். தப்பு என்னுடையதுதான். இப்போது முதல் நாளே கேப்பையும் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்லி, மூன்று தவணையாகக் கொடுங்கள் என்கிறேன். அந்த 11 இப்போது இரண்டு, மூன்றுக்குள் நிற்கிறது.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஜூனியர் டாக்டர்கள் இரண்டு பேரின் வசூலையும் தனித்தனியாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த மாசமே பார்க்கிற பல்லுக்கெல்லாம் கேப் போடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், சின்ன ஃபில்லிங்கே போதுமான பல்லுக்குக்கூட. அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம், ஒட்டினது நான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆறு மாசத்துக்குள் கழன்று விழுந்த ஃபில்லிங் யார் போட்டது என்று இப்போது எண்ணுகிறோம். என் பெயர்தான் அதில் அதிகம் வருகிறது, சிரிக்காதே.

அப்புறம், ஒரு வாரக் கணக்கை மட்டும் பார்த்துப் பதறாதே. தீபாவளி வாரத்தில் ஈ, காக்கை வராது, மறு வாரம் முறுக்கு கடித்துக் கேப் கழன்றவர்கள் வரிசையாக நிற்பார்கள். நான் நாலு வாரத்தைச் சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி போடும் டாக்டர் வருவார், மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. உன் பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டைத் தூக்கிக்கொண்டு வா, பாதியில் நிற்கும் பல்லை முதலில் எண்ணுவோம். சாப்பாடு வீட்டில்தான்.

அன்புடன்,
குமார்