அரிட்டாபட்டியில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

கோடை மழை இரவு. அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் டிரைபாடை ஊன்றி, அழகர்மலைப் பக்கம் வெட்டிய மின்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று திசை மாறியது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 9 விநாடியாகச் சுருங்கியது. அதாவது 3 கிலோமீட்டர்தான். சுற்றிலும் வெட்டவெளி, ஒதுங்கப் பனைமரங்கள் மட்டுமே. பைக்கும் கிளம்பவில்லை.

நான் கை காட்டவே இல்லை, அண்ணே. வைக்கோல் நனைவதைப் பொருட்படுத்தாமல் மினி லாரியை நிறுத்தி, "பனைக்கு அடியில் நிற்காதே தம்பி, ஏறு" என்றீர்கள். நாற்புறமும் இரும்பு மூடிய கேபின் மீது மின்னல் விழுந்தாலும் அது வெளிக்கூடு வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். அங்கே அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை.

நனைந்த கேமராவை உங்கள் தலைத்துண்டால் நீங்களே ஒற்றியெடுத்தீர்கள், லென்ஸை மட்டும் தொடாமல். எவ்வளவு பக்குவம்! பிறகு, கேட்காமலேயே முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, "இப்போது எடு" என்றீர்கள். ஷட்டரை 20 விநாடி திறந்து வைப்பவனுக்கு அந்த இருட்டு எத்தனை பெரிய உதவி!

மழை விட்டதும் பைக்கைத் தள்ளிக் கிளப்பிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் மேலூர்ப் பக்கம் போய்விட்டீர்கள். மிக்க நன்றி, அண்ணே. அந்தப் படத்தை உங்களுக்காகப் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். மேலூர்க்காரர்கள் யாராவது அவரை அறிந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.