சூடம் அணைத்த கை

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகக் கடிதம் போடாததற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, பழைய கதைதான். உன் பையன் காலேஜில் சேர்ந்த செய்தி பிச்சை மாமா மூலம்தான் தெரிந்தது. நீ வாய் திறக்கவில்லை. நேரில் வா, பேசிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். சிரிக்காதே.

2025 ஜனவரியோடு தலைவர் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது உனக்குத் தெரியும். தேர்தல் எப்போது வந்தாலும் போட்டி வேண்டாம், கும்பாபிஷேகத்துக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரே தலைவர் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். 2019இல் கடலூர் பக்கம் இப்படி ஏலம் விட்டார்கள் என்று செய்தி வந்தபோது போனில் எவ்வளவு கிண்டல் செய்தோம்! நம்மூரில் 3 லட்சத்தில் ஆரம்பித்து 11 லட்சத்தில் நின்றது. எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? அவரேதான், சூளைக்காரர்.

அப்புறம்தான் வினை. வேறு யாரும் மனு போடக் கூடாது, போடுகிறவனுக்குக் கையெழுத்தும் போடக் கூடாது என்று, ஆம்பளைகள் ஒவ்வொருவரும் தட்டில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். என் முறை வந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தாள். கை தானாக நீண்டது. மூன்று நாள் விரலில் கரி வாசனை.

ஒன்பதாம் வகுப்பில் உத்திரமேரூர் போனோமே, நீ குரங்கிடம் புளியோதரையைப் பறிகொடுத்தாயே, அந்தக் கோயில் சுவர்க் கல்வெட்டு இப்போது தூக்கத்தில்கூட வருகிறது. 919, 921இல் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதி அது. 30 குடும்பு, நம்ம வார்டு மாதிரி, குடத்தில் பெயரெழுதிய ஓலை. விவரம் அறியாத சின்னப் பையன் எடுத்துத் தர, நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! அதையும் நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், எல்லாரும் வாசிக்க வேண்டும். முன்பு வாரியத்தில், அதாவது சபைக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் சொந்தக்காரனுக்கும் இல்லை. நம்மூர்க் கோயில் கமிட்டி கணக்குக் காட்டி எத்தனை வருஷம் ஆயிற்று, சொல்.

ரொம்பவும் உருக வேண்டாம். சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடத்தில் உன் பாட்டன் ஓலையும் விழுந்திருக்காது, என் பாட்டன் ஓலையும் விழுந்திருக்காது.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1951ஆம் வருஷச் சட்டத்தில் 123ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சாமி குற்றம் வந்து சேரும் என்று வாக்காளரையோ வேட்பாளரையோ பயமுறுத்தினால் அது முறைகேடு. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் அப்படித்தான். 2017இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியபோதுகூட நீதிபதிகள் நாலுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். இதையெல்லாம் ராத்திரி அம்மாவிடம் விளக்கி, "ஊராட்சியோ சட்டசபையோ, சாமியைக் காட்டி மிரட்டினால் அந்தச் சத்தியம் செல்லாதும்மா" என்றேன்.

"கோர்ட்டில் செல்லாது. ஆத்தாகிட்ட?" என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது.

எனக்குச் சாமி பயம் இல்லை என்று உன்னிடம் இருபது வருஷமாக வாய்கிழியப் பேசியிருக்கிறேன். அது பொய் என்று தெரிந்ததுதான் வலி.

நேற்று அங்கன்வாடித் தங்கமணி வந்தாள். தேர்தல் வந்தால் நிற்கப் போகிறாளாம். பொம்பளைகளை யாரும் சூடம் அணைக்கக் கூப்பிடவில்லை, அதனால் அவளைக் கட்டுப்படுத்தாதாம். "முன்மொழிஞ்சு ஒரு கையெழுத்துப் போடுவீங்களா அண்ணே?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல்: "அவன்தான் அணைச்சான். நான் எதையும் அணைக்கலையே. எங்க போடணும், காட்டு தாயி."

பதில் எழுது.

உன்,
கதிரேசன்