பிள்ளை சம்பாதித்த பணம், பெற்றோர் கட்டும் வரி

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னை சாலிகிராமத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். சினிமா, சீரியல், விளம்பரம் என்று படப்பிடிப்புக்காரர்கள் நிறைந்த பகுதி என்பதால், ஜூலை மாதம் வந்தால் நடிக்கிற, பாடுகிற பிள்ளைகளின் பெற்றோரும் ஃபைலோடு வந்துவிடுவார்கள். அவர்கள் எல்லாருக்கும் வருகிற ஒரே சந்தேகத்தைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

18 வயது நிரம்பாத பிள்ளைக்கு வருமானம் இருந்தால், அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வரிக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு இது; நாங்கள் கிளப்பிங் என்போம். அதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் பெயரில் பணத்தைப் பிரித்துப் போட்டு வரியிலிருந்து நழுவுகிறவர்களை நாங்களும் பார்க்கிறோம். பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது மட்டும் பிள்ளையுடையதே என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. நடித்த சம்பளத்துக்குப் பிள்ளையின் பானிலேயே, பெற்றோர் கையெழுத்தில் ரிட்டர்ன் போட்டுவிடுகிறோம். இதுவரை சரி.

அந்தச் சம்பளத்தை வங்கியில் போட்டதும்தான் வம்பு. அசல் பிள்ளையுடையது, ஆனால் வட்டி திறமையால் வந்ததல்ல, ஆகவே அது பெற்றோரின் வரிக் கணக்கில்!

இங்கே இன்னொரு விதியையும் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் வந்த திருத்தப்படி, படப்பிடிப்பில் குழந்தை சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமான வங்கியில் குழந்தை பெயரில் எஃப்.டி. (நிரந்தர வைப்பு) போட்டாக வேண்டும். அந்தப் பணம் 18 வயதானதும் பிள்ளைக்குப் போகும். பெற்றோர் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே வந்த நல்ல விதி. ஆக, போடச் சொல்வது அரசு, தொடக் கூடாது என்பதும் அரசு, வட்டிக்கு வரி கட்டு என்று தொட முடியாதவரிடம் கேட்பதும் அரசு.

ஒரு கணக்குப் போடுகிறேன். பிள்ளைக்கு 10 லட்சம் சம்பளம், அதில் 2 லட்சம் எஃப்.டி. 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14,000 ரூபாய் வட்டி. அப்பா 30 சதவீத வரிக்காரர் என்றால், புதிய வரிமுறையில் செஸ் என்கிற கூடுதல் வரியோடு 4,368 ரூபாய் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். அடுத்த வருடம் பிள்ளைக்குப் படமே இல்லாமல் போனாலும் இது தொடரும். அதே வட்டி பிள்ளையின் வரிக் கணக்கில் வந்தால் அந்த வருடம் ஒரு பைசா வரி கிடையாது.

பழைய வரிமுறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவாவது உண்டு. அடிப்படை வரிவிலக்கு 28,000 ரூபாயாக இருந்த 1990களின் தொடக்கத்தில் வைத்த தொகை அது. புதிய முறையில் அந்த விலக்கு 4 லட்சமாகிவிட்டது. 1,500 வளரவில்லை; வளராதது மட்டுமா, புதிய முறையில் அதுவும் கிடையாது. வட்டி கொடுக்கும்போதே வங்கி வரியை (டி.டி.எஸ்.) பிடித்து அது பிள்ளையின் பானில் போய் உட்கார்ந்தால் தனிக் கூத்து. ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போதும் என்றிருந்த சம்பளக்காரர் அப்போது பெரிய படிவமான ஐ.டி.ஆர்.-2 நிரப்ப வேண்டும்.

எது பிள்ளை சம்பாதித்த பணம், எது அப்பா போட்டது என்று எப்படிப் பிரிப்பது என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தயாரிப்பாளர் பிடித்த டி.டி.எஸ். பிள்ளையின் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் பதிவாகியிருக்கிறது, ரிட்டர்னும் உங்களிடமே இருக்கிறது. சட்டப்படி போட்ட எஃப்.டி.க்கோ வங்கி ரசீதே சாட்சி. தாத்தா கொடுத்த பணத்தின் வட்டியை யாரும் இதில் நுழைக்க முடியாது.

சினிமாப் பிள்ளைகளோடு இது முடிவதில்லை. பிரக்ஞானந்தாவும் குகேஷும் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆன ஊர் இது. பரிசுப் பணத்தோடு வீடு திரும்பும் சதுரங்கப் பிள்ளைகள் இன்னும் வருவார்கள். 10 வயதான பிள்ளை தானே வங்கிக் கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் 2025இல் சொல்லிவிட்டது.

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றம் என்பது தெரியும். ஆனால் பட்ஜெட்டுக்கான வரைவு உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகிறது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் கிளப்பிங்கை அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த நிதி மசோதாவில், உழைப்புக்கும் திறமைக்கும் உள்ள அந்த விலக்கோடு ஒரு வாக்கியம் சேருங்கள்: பிள்ளை தன் உழைப்பாலும் திறமையாலும் ஈட்டி, தன் பெயரில் போட்ட முதலீட்டின் வருமானமும் பிள்ளையுடையதே. அதற்கு மசோதாவரை காத்திருக்க வேண்டுமென்றால், கட்டாய எஃப்.டி.யின் வட்டிக்காவது முதலில் ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சாலிகிராமத்திலிருந்து ஒரு கணக்காளன்