ஆதார் ஜெராக்ஸ் எங்கெல்லாம் கிடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பி பெரம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறான். பழைய வண்டியை மாற்றலாம் என்று போன வருடம் வங்கியில் கடன் கேட்டான். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் பதிவு, சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறிக்கையை வாங்கிப் பார்த்தால், ஏதோ ஒரு செயலியில் 18,000 ரூபாய் கடன் வாங்கி ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்று இருக்கிறது. அந்தச் செயலியின் பெயரையே அவன் கேள்விப்பட்டதில்லை.

அவனுடைய ஆதாரும் பான் கார்டும் யார் கையில் சிக்கியிருக்கும் என்று ஒரு ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து யோசித்தோம். இரண்டு வருடத்தில் நகல் கொடுத்த இடங்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். வீட்டு புரோக்கர், வீட்டுக்காரர், கேஸ் ஏஜென்சி, ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்ற பையன், கோயிலுக்குப் போனபோது தங்கிய லாட்ஜ், தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கிய கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம், நகைச்சீட்டு. இப்படி மொத்தம் 14 இடங்கள் வந்தன. வேலை முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டவர் ஒருவராவது இருப்பாரா என்று தெரியவில்லை.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது ஜெராக்ஸ் கடைதான். இப்போதெல்லாம் கார்டை யாரும் கையில் கொடுப்பதில்லை. "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்கிறார்கள், நாமும் அனுப்பிவிடுகிறோம். பிரிண்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், படம் அந்தக் கணினியிலேயே இருக்கிறது. ஒரு கடையில் என் கோப்பைத் தேடும்போது திரையில் வரிசையாக ஊரார் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஓடியதை நானே பார்த்தேன். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அந்தக் கணினியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமே.

நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம்பியின் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அவன் பெயரில் அவனுக்கே தெரியாத இரண்டு சிம் இருந்தன. அந்தக் கடனுக்கான ஓடிபி யாருக்குப் போயிருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே பதிவு செய்தோம். ஒருவர் பெயரில் 9 சிம் வரை வாங்கலாம் என்பதால் இப்படி நடந்தால் சட்டென்று தெரியவே தெரியாது. எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், "உங்க பணம் ஒண்ணும் போகலையே" என்றார்கள். பணம் போனால்தான் குற்றமா? அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினாலே, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மனுவுக்கு ரசீது தந்தார்கள். அந்த ரசீதை வைத்து சிபிலில் ஆட்சேபம் பதிவு செய்தோம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இது பலருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம் என்பதும் தெரியாது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பெற்றிருக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்த மறைக்கப்பட்ட ஆதார் இன்றும் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது. நாங்கள் இப்போது அதைத்தான் கொடுக்கிறோம். அதுவும் குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டுத்தான். ஆதாரில் உள்ள கைரேகையையும் யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறோம். ரேஷன் கடைக்குப் போகிற அன்று மறக்காமல் திறக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் சிரமம்.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்டை வாங்கிப் பாருங்கள், திருப்பிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் தம்பி கதையைச் சொன்னேன். அப்புறம் அவர் பிரிண்ட் எடுத்ததும் நம் கண் முன்னாலேயே கோப்பை அழித்துவிடுகிறார். போனில் வந்த படத்தையும் அழிக்கிறார். மற்ற கடைக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நாம் நின்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11