ஈர்க்கு நட்சத்திரமும் குடில் பயிரும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தென்னை ஈர்க்கில் தாங்களே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவிருக்கிறார்கள். ஓரடி நீளமுள்ள 10 ஈர்க்குகளை ஐந்தைந்தாகப் பின்னி இரண்டு நட்சத்திரங்களாக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டியபின், உள்ளே ஈர்க்குகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் இரு சட்டங்களுக்கும் நடுவே கட்டைவிரல் நீளத் துண்டுகளைச் செருகினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். அதன்மேல் பட்டத்தாளை மைதாப் பசையால் ஒட்ட வேண்டியதுதான். துண்டு செருகும்போது சிறு கைகள் தடுமாறும் என்பதால், பெரியவர்கள் சிலர் உடனிருந்தால் மிகவும் உதவியாக இருக்கும். பசையை நான் காய்ச்சிக் கொண்டுவருகிறேன். ஈர்க்கும் நூலும் தாளும் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான கேழ்வரகைச் சிரட்டைகளில் டிசம்பர் 14ஆம் தேதிக்குள் வீட்டிலேயே விதைத்துவிட்டால், 24ஆம் தேதிக்குப் பசும்புல்லாக நிற்கும்.