ஞாயிறு சந்திப்பு: புதுமைப்பித்தனின் 3 கதைகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மாலை 5 மணிக்கு வேலூர்க் கோட்டைக்குள், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அருகிலுள்ள புல்வெளியில் கூடுகிறோம். அதற்கு முன் வந்தால் வேலூர் வெயிலுக்கு நான் பொறுப்பல்ல.

இம்முறை ‘பொன்னகரம்’, ‘மகாமசானம்’, ‘செல்லம்மாள்’. மூன்றும் சிறியவை, ஆனால் ஒரே இரவில் வாசித்துவிடாதீர்கள், தாங்காது. ‘மகாமசானம்’ சென்னை நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் சாவது பற்றியது, அவ்வளவுதான் கதை.

‘பொன்னகரம்’ 1934இல் வந்தது. ஆலைத் தொழிலாளி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வைக்க முக்கால் ரூபாய்க்குத் தன்னையே விற்கிறாள். இதை வாசிக்கும்போதெல்லாம் பீடி சுற்றும் குடியாத்தத்துப் பெரியம்மாவின் நினைவு வருகிறது. மடியில் முறம், அதில் ஈர இலை, தூள், நூல். பெரியப்பாவுக்கு மருந்து கொடுக்க எழுவார், திரும்பி வந்து விட்ட பீடியிலிருந்தே சுற்றுவார். கணக்கெடுப்பவர் கட்டைப் பிரித்துப் பார்த்து நாலைந்தைக் கழித்துப் போடுவார். பெரியம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் புரியவில்லை.

‘செல்லம்மாள்’ வேறு மாதிரி. நோயாளி மனைவியைப் பல வருடம் பார்த்துக்கொண்ட பிரமநாயகம் பிள்ளை, அவள் இறந்ததும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுகிறார். அழுகையே இல்லை. அது அன்பா, களைப்பா என்று சென்ற முறையே இருவர் சண்டை பிடித்தார்கள். மீதியை ஞாயிறன்று வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், என்னிடம் 2 பிரதிகள் இருக்கின்றன. சுண்டல் காட்பாடி நண்பர்களின் முறை.